வலக்கையால் வாங்கிய பந்து

ஸ்டுட்கார்ட்டில் தமிழ்ப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் தேநீரும் றோல்ஸும் பரிமாறும் நேரத்தில்தான் செய்தி வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் குமாரசாமி அண்ணை. அவர் தருகிற செய்திகளில் பாதி உண்மையாக இருக்கும். எந்தப் பாதி என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

"அறிஞ்சனீரே? ராசன்ர பெடியனை அமெரிக்கா எடுத்துப்போட்டுது."

"என்னத்துக்கு?"

"பந்து பொறுக்க."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சுபானி அக்கா திருத்தினார். "பொறுக்க இல்லை அண்ணை, விளையாட. பேஸ்போல். பெரிய யூனிவர்சிற்றியாம். ஒரு வெள்ளைக்காரன் துவக்கோட மைதானத்துக்கே வந்து பெடியனைக் குறி பாத்தவனாம். பேந்துதான் எடுத்தது."

"துவக்கோடயோ?"

"அமெரிக்காக்காரன் பின்னை என்ன, குடையோடயோ வருவான்?" என்றார் குமாரசாமி அண்ணை.

முதலாவது றோல்ஸ் முடிவதற்குள் பெடியனுக்கு அமெரிக்காவில் வீடு கிடைத்துவிட்டது. இரண்டாவதில் கார். தேநீர் ஆறுமுன் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையும் கிடைத்து, அவள் வேதக்காரியா இல்லையா என்ற விசாரணையும் தொடங்கியிருந்தது. அடுத்த மாதம் விமானம் என்றார்கள்.

அத்தனையையும் கேட்டுக்கொண்டு ராசன் அதே மண்டபத்தின் மூலையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். மகனை அமெரிக்கா எடுத்த ஒரு தமிழ்த் தகப்பன் நாற்காலி அடுக்கமாட்டான். எங்களைக் கொண்டு அடுக்குவிப்பான்.

ஆகவே போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

மைதானம் நகரின் ஓரத்தில், காய்கறித் தோட்டத் துண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. வேலிக்கு அப்பால் ஒரு ஜெர்மன் கிழவர் சலாது நட்டிருந்தார். அதற்குள் விழுகிற பந்துகளைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுமிருந்தார். சனிக்கிழமை பின்னேரம். விளையாடுவோர் யாருமில்லை. செம்மண் தரையை ஒருவர் தனியே வாரிக்கொண்டிருந்தார். அவர்தான் பயிற்சியாளர் ஹோல்கர். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிற மனிதர். ராசனின் மகனைப் பற்றிக் கேட்டேன்.

"ஜெனிஸ்டனா? கோடையிலிருந்து வருவதில்லை" என்றார் ஜெர்மனில்.

"அமெரிக்கா போவதாகச் சொல்கிறார்களே?"

அவர் வாருகோலை நிறுத்தவில்லை. "யார் சொல்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"துப்பாக்கியோடு ஒருவர் வந்தாராம்."

அதற்குத்தான் நிமிர்ந்தார். துப்பாக்கி உண்மை. ஆனால் அது பந்தின் வேகத்தை அளக்கிற கருவி. பிடித்துக் குறி பார்த்தால் எண் காட்டும். அதைக் கொண்டுவந்த அமெரிக்கர், பல கல்லூரிகளுக்காக ஐரோப்பாவில் பெடியங்களைப் பார்த்துத் திரிகிறவர். அவர் குறி பார்த்ததும் ஜெனிஸ்டனை அல்ல. எதிரணியில் பந்தெறிந்த ஒரு நெடியவனை.

ஹோல்கர் சொன்னதைக் கொண்டும், பிறகு பெடியனே சொன்னதைக் கொண்டும் அவனுடைய கதையைக் கோர்த்தால் இப்படி வரும்.

ஜெனிஸ்டன் இந்த விளையாட்டுக்கு வந்ததே வேறு இடம் இல்லாததால். அவனுக்குப் பத்து வயதானபோது ராசன் உதைபந்துக் கழகத்தில் சேர்க்கக் கூட்டிப்போனார். காத்திருப்போர் வரிசை நீளம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மைதானத்தில் வரிசை இருக்கவில்லை. சொல்லப்போனால் பிள்ளைகளே இருக்கவில்லை. கையில் ஒரு பெரிய தோல் கையுறையைக் கொடுத்து, பந்து அநேகமாக வராத வெளிமைதான மூலையில் நிறுத்தினார்கள். இரண்டு வருடம் அவன் அங்கே புல்லுப் பிடுங்கினான்.

ஒருநாள் உள்ளே நிற்கிறவனுக்குக் காய்ச்சல். ஜெனிஸ்டனை அந்த இடத்தில் விட்டார்கள். பிறகு அந்தக் காய்ச்சல்காரன் வெளிமைதானத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போனான்.

அந்த இடத்துக்குப் பெயர் ஷோர்ட்ஸ்ரொப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில். அடிக்கிற பந்தில் பெரும்பங்கு தரையோடு சீறிக்கொண்டு இங்கேதான் வரும். நிற்கிறவன் குனிந்து அதை இடக்கைக் கையுறையில் எடுத்து, வலக்கைக்கு மாற்றி, மைதானத்தைக் குறுக்கறுத்து முதலாம் தளத்துக்கு எறிய வேண்டும். அடித்தவன் ஓடிச் சேருமுன் பந்து சேர வேண்டும். கிறிக்கெற் தெரிந்தவர்கள் இப்படி நினைத்துக்கொள்ளலாம்: பொயின்ற்றில் நிற்கிறீர்கள், உங்களிடம் வருகிற ஒவ்வொரு பந்தும் ரன் அவுட்.

முதலாம் தளம் அவனுக்கு இடப்பக்கம் கிடக்கிறது. வலக்கையால் எறிகிறவனுக்கு உடம்பு ஏற்கனவே அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். இடக்கையால் எறிகிறவன் முழுதாகச் சுழன்று நின்றுதான் எறியலாம். அதற்குள் ஓட்டக்காரன் தளத்தில் நின்று காற்சட்டைத் தூசி தட்டிக்கொண்டிருப்பான். அதனால் இடக்கைக்காரனை அந்த இடத்தில் உலகத்தில் யாரும் நிறுத்துவதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள். பெடியனின் தாய் அன்ரனிற்றாவுக்கு யாரும் சொல்லவில்லை.

பதின்மூன்று வயதில் பெடியனின் கை நன்றாக இருந்தது, தோளில் பலம் இருக்கவில்லை. எறிகிற பந்து முதலாம் தளத்துக்குப் போகும் வழியில் ஒருதரம் களைப்பாறும். பதினைந்தில் ஒரேயடியாக வளர்ந்தான். தன் கால் தனக்கே அந்நியமாகி, சும்மா நின்ற இடத்தில் தடுக்கி விழுந்தான். ஒரு வருடம் முழுக்க, அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துகிற நிலவறைச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து, திரும்பி வருவதை எடுத்துப் பழகினான். மேல்மாடிக்காரர் வீட்டு நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினார். ராசன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, சுவரில் பழைய மெத்தை ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். மெத்தையில் பட்ட பந்து திரும்பி வராது. தகப்பனின் மனம் நோகக்கூடாதென்று பெடியன் அதற்கும் கொஞ்ச நாள் எறிந்தான்.

"கை முதல் தரம்" என்றார் ஹோல்கர். "காலும் வந்துவிட்டது. தோள் போதும்."

"மட்டை?"

கொஞ்ச நேரம் மண்ணை வாரினார். "வேகப் பந்துக்குப் பிந்துகிறான். ஆனால் அது பழகினால் வரும். கை பழகி வராது. பெரிய கல்லூரிக்கு ஆள் இல்லை. சின்னக் கல்லூரி ஒன்று எடுத்தால் முதல் வருடம் விளையாடாமல் வாங்கில் இருப்பான். மூன்றாம் வருடம் அவனை அணிக்கு வெளியே விட முடியாது. இங்கே இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவான். இரண்டு வருடத்தில் விட்டுவிடுவான். எல்லோரும் அப்படித்தான் விடுகிறார்கள்."

அந்த அமெரிக்கர் வந்த அன்று ஒரு பந்து மூன்றாம் தளத்தை ஒட்டி ஓடியது. ஜெனிஸ்டன் விழுந்து எடுத்து, எழும்பாமலே முழங்காலில் நின்று எறிந்தான். ஓட்டக்காரன் அவுட். அமெரிக்கர் கருவியைக் கீழே இறக்கி, "யார் இவன்?" என்று கேட்டார். அடுத்த ஊருக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. போகுமுன் ஒரு மின்னஞ்சல் முகவரி தந்தார். சோள வயல்களுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி. அங்கே உள்வட்டத்தில், தளங்களை ஒட்டி, ஒரே ஒரு இடம் காலியாகிறது. தலைமைப் பயிற்சியாளர் காணொளி பார்த்துத்தான் எடுப்பார். தரையோடு வருகிற பத்துப் பந்து. வெட்டில்லாமல், பின்னாலிருந்து, காலும் முதலாம் தளமும் தெரிய. மாத முடிவுக்குள். வேறு ஒன்றும் வேண்டாம். பாட்டு வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாராம். முன்னனுபவம் இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்களோடு இருந்திராது.

ஹோல்கர் தன் கைத்தொலைபேசியில் எடுப்பதாக இருந்தார். பெடியன் அதை வீட்டில் போய்ச் சொன்னான்.

"ரெலிபோனிலயோ?" என்றார் தாய் அன்ரனிற்றா. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். "அமெரிக்காவுக்குப் போற வீடியோ. ரெலிபோனில எடுத்தனுப்பினால் எங்களை என்னெண்டு நினைப்பினம்?"

"அம்மா, அவைக்கு அதுதான் வேணும்."

"அவை பெருந்தன்மைக்குச் சொல்லுவினம். நாங்கள்தான் விளங்கிக்கொள்ளோணும்."

ராசன் ஒரு கேள்வி கேட்டார். "இஞ்ச யூனிவர்சிற்றி சும்மாதானே? ஏன் அங்கை போய்...?" மனைவி பார்த்த பார்வையில் கேள்வி பாதியில் நின்றது.

ஆகவே குணசேகரம் வந்தார். இந்த மாநிலத்தில் தமிழர் வீட்டு நற்கருணை, சாமத்தியவீடு, கலியாணம் எதுவும் அவருடைய கமரா இல்லாமல் நடந்ததாகச் சொல்லமுடியாது. இரண்டு கமரா, ஒரு ட்ரோன், வெள்ளிக் குடை, உதவியாளனாக மருமகன். ஹனோவரிலிருந்து பெரியம்மா ஒருவரும் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார். சலாதுக் கிழவர் வேலியில் கைவைத்துக் கடைசி வரைக்கும் பார்த்தாராம்.

ஹோல்கர் பந்தை உருட்டினார்.

"தம்பி, பந்தைப் பாக்காதை. கமராவைப் பார்" என்றார் குணசேகரம்.

"பந்தைப் பாக்காட்டி மூக்குடையும் அங்கிள்."

"மெதுவா உருட்டச் சொல்லு. அந்தக் கோச்சையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு, வயிறு பிரேமுக்குள்ள வருது. ஆ, எடு... சிரி... இப்ப எறி. எறியேக்கயும் சிரி."

ஹோல்கர் தன் தொலைபேசியை எடுத்தார். "நன்றி, நன்றி, தொழில்காரர் இருக்கிறார்" என்று அன்ரனிற்றா பண்பாகச் சொல்லி அதைத் திரும்பப் பையில் போடவைத்தார். மூன்று சட்டை மாற்றினார்கள். தாய் தகப்பன் நடுவில் பெடியன், பெரியம்மா ஆசீர்வாதம், வானத்திலிருந்து மைதானம். குணசேகரத்தின் கமராவுக்கு முகம் தெரியும். காலும் முதலாம் தளமும் அதற்குத் தெரியாத பொருள்கள்.

படப்பிடிப்பு முடிந்த மறுநாள் தொடக்கம் பெடியனுக்கு அபிரூர் என்கிற பள்ளியிறுதிச் சோதனையின் வாய்மொழிப் பரீட்சை. "முடிஞ்ச உடன எனக்கு முதல் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனான். சோதனைக்குப் படிக்கிற பிள்ளையின் கதவைத் தட்டுகிற தமிழ்த் தாய் இன்னும் பிறக்கவில்லை. எனவே இறுதிப் பிரதியைப் பார்க்க அன்ரனிற்றா தனியாகத்தான் குணசேகரத்தின் வீட்டுக்குப் போனார். எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றைத் தவிர.

"அண்ணை, இவன் எல்லாப் பந்தையும் இடக்கையாலயெல்லோ வாங்கிறான்."

"ஓம் தங்கச்சி. கையுறை அந்தக் கையில கிடக்கு."

"இடக்கையால வாங்கிறதை எப்பிடி ஒரு பெரிய மனிசனுக்குக் காட்டுறது? வளர்ப்புச் சரியில்லை எண்டு நினைக்கமாட்டாரே?"

அன்ரனிற்றாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள், கோயிலில் திருநீற்றுக்கோ பூசையில் அப்பத்துக்கோ இடக்கையை ஒருதரம் நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். கடைக்காரர் தருகிற மிச்சக் காசைக்கூட நாங்கள் அந்தக் கையால் வாங்குவதில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை வாங்கலாமா?

"இது ஒரு சொடுக்கு தங்கச்சி" என்றார் குணசேகரம். போன வருடம் ஒரு நற்கருணையில் பிள்ளை இடக்கையை நீட்டிவிட்டது. படத்தைத் திருப்பிப் போட்டார். குருவானவர் இடக்கைக்காரராகிவிட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. இங்கேயும் திருப்பினார். சட்டை எண் பதினொன்று; திருப்பினாலும் பதினொன்றுதான். நெஞ்சில் இருந்த கழகத்தின் பெயர் இடம்வலம் மாறித் தெரிந்த இடங்களில் ரோசாப்பூ இதழ் தூவினார்.

பெடியன் இப்போது பந்தையெல்லாம் வலக்கையால் வாங்கினான். இடக்கையால் எறிந்தான். "எறியிறதுக்கு எந்தக் கையெண்டால் என்ன?" என்றார் அன்ரனிற்றா. அன்றிரவே அனுப்பியாயிற்று. குணசேகரம் அதைத் தன் இணையப் பக்கத்திலும் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மண்டபத்தில் திரை கட்டிப் போட்டுக்காட்டினார்கள். அன்று நான் போயிருக்கவில்லை. பரீட்சை முடிந்த களைப்போடு பெடியன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அதுதான் முதல் காட்சி.

அவனை நான் சந்தித்தது, ஹோல்கரைப் பார்த்ததற்கு அடுத்த கிழமை, கான்ஸ்ரற் ரயில் நிலையத்துப் பேக்கரியில். வெப்பமூட்டி பொருத்துகிற ஒரு சிறு நிறுவனத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கியிருந்தான். நகத்தில் கருமை. தேநீரை ஊதிக்கொண்டே சொன்னான்.

"முதல் பந்திலயே தெரிஞ்சுட்டுது அங்கிள். கையுறை வலக்கையில கிடக்கு. எனக்கு ஒரு செக்கன் விளங்கேல்லை. குனிஞ்சு என்ர கையைப் பாத்தன், எது எதெண்டு."

"பிறகு?"

"அம்மாட்டைக் கேட்டன், அனுப்பிட்டீங்களோ எண்டு. அவ சொன்னா, ரெண்டு நாளாச்சு அப்பு, எப்பிடி, நல்லாக் கிடக்கே? எல்லாரும் கை தட்டினம். குமாரசாமி அங்கிள் வந்து தோளில தட்டினவர். நான் வெளியால போய் நிண்டனான். வெக்கத்தில போறான் எண்டு சொல்லிச் சிரிச்சவையாம்."

கல்லூரியின் பதில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மரியாதையான பதில். கைகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இடக்கையால் எறிகிறவரை உள்வட்டத்தில் எங்களால் பயன்படுத்த முடியாது. வெளிமைதானத்தில் இடமில்லை. அழகான குடும்பம். வாழ்த்துகள்.

ஹோல்கர் அன்றைக்கே மைதானத்துக்கு ஓடி, தொலைபேசியில் பத்துப் பந்து எடுத்து, நடந்ததை விளக்கி அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது. இடத்தை முந்தின நாள் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு கல்லூரிகளுக்கும் எழுதினார். அந்த நேரத்தில் எல்லோருடைய அணியும் நிரம்பியிருந்தது. சில பேர் பதிலே போடவில்லை.

"அடுத்த வருசம் முயற்சி செய்யலாமே?" என்றேன். இப்படிக் கேட்பது சுலபம்.

"பள்ளிக்கூடம் முடிஞ்சு பிந்திப் போனால், அங்கை விளையாட விடுற வருசத்தில ஒண்டைக் கழிப்பினமாம். அதோட, அவைக்கு ஒவ்வொரு வருசமும் புதுப் பதினெட்டு வயசுகாரர் வருவினம். நான் என்ன, ஷோர்ட்ஸ்ரொப்பில உலகத்தில ஒரே ஆளோ?" சிரித்தான். அந்தச் சிரிப்பு குணசேகரத்தின் படத்தில் இருந்த சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"மைதானத்துக்காவது போகலாமே."

"போய்? ஞாயிற்றுக்கிழமை விளையாடிப்போட்டு?" கோப்பையை நகர்த்தினான். "றோட்டில காணிற ஆக்களெல்லாம் கேக்கினம், எப்ப பிளைட் எண்டு. இல்லையெண்டால், ஏன் எண்டு கேப்பினம். ஏன் எண்டு சொல்லப்போனால் அம்மாவைச் சொல்லோணும். அதால அடுத்த மாசம் எண்டு சொல்லுறனான். ஒவ்வொரு மாசமும்."

வதந்தியைத் தேடிப் போனவனுக்கு அதன் உற்பத்தி நிலையம் கிடைத்தது இப்படி. தகப்பன் நாற்காலி அடுக்குகிறார், மகன் அடுத்த மாதம் என்கிறான். இரண்டு பேரும் ஒரு பெண்ணின் மானத்தைக் காவல் காக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது அன்ரனிற்றா என்னை இருக்கச் சொன்னார். தேநீர் தந்தார். ராசன் அடுத்த அறையில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடக்கையால வாங்கக்கூடாதெண்டு நினைச்சது பிழையோ, சொல்லுங்கோ?" என்று கேட்டார். "அவன் என்னை ஏசேல்லை. ஒரு வார்த்தை பேசேல்லை. ஏசியிருந்தால் அழுதுபோட்டு விட்டிருப்பன். அண்டையிலையிருந்து, நான் என்னத்தை நீட்டினாலும், சாப்பாட்டுக் கோப்பையோ, திறப்போ, மற்றக் கையில இருக்கிறதைக் கீழ வைச்சுப்போட்டு, வலக்கையாலதான் வாங்கிறான். ஒவ்வொரு முறையும். அதைத்தான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு."

அடுத்த அறையில் ராசன் எழுந்து போய்ப் பல்கனிக் கதவைச் சாத்தினார். அது ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது.

குணசேகரத்துக்கும் விஷயம் காதில் விழுந்து, ஒருநாள் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். மனிதர் கலங்கித்தான் போயிருந்தார். "தம்பி, நான் உனக்குக் கடமைப்பட்டுப் போனன். உன்ர கலியாணத்துக்கு ரெண்டு ட்ரோன் விடுறன்" என்றாராம்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் அங்கிள். அந்த வீடியோவை நெற்றில இருந்து எடுத்துவிடுங்கோ. அது காணும்."

அதற்குக் காரணம் இருந்தது. எந்தக் கல்லூரிக்காரனாவது என்றைக்காவது அவன் பெயரைத் தட்டிப் பார்த்தால் முதலில் வருவது அதுதான்: ரோசா இதழ்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு இடக்கையால் எறிகிற ஒருவன். ஹோல்கர் எடுத்துப் போட்ட பத்துப் பந்து தேடலின் இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறது.

"இண்டைக்கே எடுக்கிறன்" என்று குணசேகரம் தன் வலக்கையால் பெடியனின் வலக்கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். அது ஆவணி மாதம். நான் தொலைபேசியில் கேட்டபோது, "ஓம் ஓம், எடுக்கத்தான் வேணும்" என்றார். "ஒரு சின்னச் சிக்கல். அதைப் பாத்துத்தான் இப்ப ரெண்டு கலியாணக்காரர் என்ர கமராவைக் கேட்டிருக்கினம். அவை முடிவு சொல்லட்டும்."

இன்று காலையும் பார்த்தேன். இன்னும் எடுக்கவில்லை.